திவே காட்டில் வேடிக்கை பார்க்கப் போனவர்கள்

கோந்த்வாவில் குடியிருப்பவர்களுக்குப் பண்டரிபுர யாத்திரை வந்துவிட்டதைப் பஞ்சாங்கம் சொல்ல வேண்டியதில்லை. கடி மெஷின் சௌக் சொல்லிவிடும். ஆளந்தியில் கிளம்பிய ஞானேஸ்வரர் பல்லக்கு புனே நகரத்தில் தங்கிவிட்டு, ஹடப்சர் வழியாகத் திவே காட் மலைப்பாதையில் ஏறும் நாளில் அங்கே வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. சாஸ்வட் போக வேண்டிய கார், லாரி, பஸ் அத்தனையும் எங்கள் பக்கம் திரும்பி போப்தேவ் காட்டில் ஏறும். பால் வாங்கப் போனவன் அரை மணி நேரம் சாலையைக் கடக்க முடியாமல் நிற்பான். இங்கே வேலைக்கு வந்த தமிழர்களில் பலருக்கு வாரி என்கிற இந்த யாத்திரை என்றால் இவ்வளவுதான்: வருஷத்துக்கொரு தடவை வரும் டிராஃபிக் ஜாம்.

எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, கும்பகோணத்து அண்ணா ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் வாயைத் திறக்கும் வரை. “இவ்வளவு பக்கத்துல இருந்துண்டு பார்க்காம இருக்கிறது மகா பாவம்டா” என்றார். சும்மா போய் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவானது. நாங்கள் நாலு பேர். அண்ணா வங்கியில் ஓய்வுக்கு நெருங்கியவர். அடுத்தவன் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் திருநெல்வேலிக்காரன், கொஞ்சம் கனத்த உடம்பு. மூன்றாமவர் கௌசர் பாக் பக்கம் குடியிருக்கும் காயல்பட்டினத்து நண்பர். மோட்டார் பைக்கில் மலை ஏறுவதென்றால் எந்த மதத்து மலையானாலும் கிளம்பிவிடுவார். நாலாவது நான். எங்கள் நாலு பேருக்கும் சேர்த்தே மராத்தியில் பத்து வார்த்தைக்கு மேல் தேறாது. பல வருஷம் வாடகை கொடுத்தும் எங்களுக்கு இந்த ஊர் வேற்று தேசம்தான்.

அண்ணாவுக்கு மட்டும் பாதி சொந்தம். சிவாஜியின் தம்பி ஏகோஜி 1670களில் தஞ்சாவூரைப் பிடித்த பிறகு மராட்டியக் கீர்த்தனக்காரர்கள் காவிரிக்கரைக்கு வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அவர்களுடைய பாணியை எடுத்து, சாகி, திண்டி, ஓவி மெட்டுகளோடு நம் ஹரிகதைக்கு உருவம் கொடுத்தார். இன்றைக்கும் கச்சேரியின் கடைசியில் ஓர் அபங்கம் பாடாவிட்டால் சபா எழுந்து போகாது. “எங்க ஊர்ல விட்டலன் துக்கடாவுலதான் வருவான்” என்பார் அண்ணா. “இங்க அவன்தான் மெயின்.”

பொழுது விடிவதற்கு முன்பே இரண்டு பைக்கில் கிளம்பினோம். யேவலேவாடி தாண்டியதும் மழை மேகம் சாலையில் இறங்கியிருந்தது. போப்தேவ் காட்டின் வளைவுகளில் முன்னால் போகிற பைக்கின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக்காரன் இசக்கியம்மனில் ஆரம்பித்துக் குலதெய்வங்களை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

மலை மேலே போப்காவ் கிராமத்துக்கு உரிய கானிஃப்நாத் கோயில் இருக்கிறது. கானிஃப்நாதர் நவநாதர்களில் ஒருவர். மச்சேந்திரர், கோரக்கர் என்று நாம் சித்தர் வரிசையில் சொல்கிறோமே, அதே மரபு. கோரக்கர் ஜீவசமாதி கொண்டதாக நாம் கும்பிடும் வடக்குப் பொய்கைநல்லூர் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே அவருடைய கூட்டாளி சஹ்யாத்ரி மலை உச்சியில் இருக்கிறார். கருவறைக்கு வாசல் என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்னப் பொந்துதான். சட்டையையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, தரையில் படுத்து, தலையையும் கையையும் முதலில் உள்ளே விட்டு, உடம்பை நெளித்து நெளித்துத்தான் போக வேண்டும். எங்கள் திருநெல்வேலிக்காரன் இடுப்பு வரை போய் நின்றுவிட்டான். உள்ளே இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுக்க, வெளியே நாங்கள் காலைத் தள்ள, “மூச்சை விடுல, மூச்சை விடு” என்று காயல்பட்டினத்தார் கத்த, ஒரு வழியாக உள்ளே போய் விழுந்தான். கொஞ்ச நேரம் அவன் சத்தமே இல்லை. வெளியே வந்தபோது முதுகெல்லாம் சிராய்ப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். “வலிக்குதால?” என்று கேட்டேன். “இல்லண்ணே, வலி இல்ல” என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

இந்த மலைக்கும் அன்றைய பல்லக்குக்கும் உறவு உண்டு என்பதை அண்ணாதான் வழியில் சொன்னார். ஞானேஸ்வரருக்குக் குரு வேறு யாருமில்லை, சொந்த அண்ணன் நிவிருத்திநாதர். அவருக்குக் குரு நாத மரபில் வந்த கஹினிநாதர். துறவறம் வாங்கிக்கொண்டு போன தகப்பன் குருவின் சொல்லுக்காக இல்லறத்துக்குத் திரும்பினார். அதற்காக ஊர் அந்தக் குடும்பத்தையே தள்ளி வைத்தது. தாயும் தகப்பனும் உயிரை விட்ட பிறகு அநாதையாக நின்ற நாலு பிள்ளைகளில் இரண்டாவது பிள்ளைதான் ஞானேஸ்வரர். பதினைந்து வயசு வாக்கில், 1290இல், நேவாசாவில் கீதையை ஏறக்குறைய 9000 ஓவிகளில் மராத்தியில் சொன்னார். 1296இல் ஆளந்தியில் சமாதியில் அமர்ந்துவிட்டார். இருபத்தொரு வயசு. அந்த வயசில் நாங்கள் அரியர் எழுதிக்கொண்டிருந்தோம்.

மலையிலிருந்து இறங்கி, திவே கிராமத்துக்கு அருகே ஓர் அத்தித் தோட்டத்துக்காரர் வீட்டில் வண்டிகளை விட்டோம். காசு நீட்டியதற்குக் கும்பிட்டார், வாங்கவில்லை. அங்கிருந்து நடந்து காட்டின் உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தோம். பள்ளத்தாக்கில் மஸ்தானி ஏரி. அதன் மேலே மலையை வளைத்து வளைத்து ஏறும் சாலை. அந்தச் சாலை நகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் குல்லாய், காவிக் கொடி, பச்சை துளசி. தார் தெரிகிற இடமே இல்லை. இந்த வளைவுகளை ட்ரோனில் எடுத்த படம் எல்லோர் போனிலும் இருக்கிறது. அழகான படம்தான். ஆனால் அதில் சத்தம் கிடையாது. ஆயிரக்கணக்கான ஜோடித் தாளங்கள் ஒரே அடியில் விழும்போது பாறை திருப்பித் தரும் அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடுகிறது.

“இங்கேயே நின்னு பார்ப்போம்” என்றேன். நல்ல உயரமான பாறை, குடையும் இருந்தது. அண்ணா கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் இறங்கினோம். கூட்டம் மேலே வர, நாங்கள் கீழே போக, இரண்டாவது வளைவிலேயே அண்ணா காணாமல் போனார். போனில் சிக்னல் இல்லை.

பல்லக்கு வரும் ரதத்துக்கு முன்னால் இருபத்தேழு திண்டிகள், பின்னால் நூற்றுக்கணக்கில். திண்டி என்பது ஒரு கூட்டம், ஒரு குடும்பம், ஒரு நடமாடும் ஊர். நடுவே வீணை ஏந்தியவர், பக்கத்தில் மிருதங்கக்காரர், இரண்டு பக்கமும் தாளம் போடுபவர்கள், பின்னால் தலையில் துளசி மாடமும் தண்ணீர்க் குடமும் சுமந்து பெண்கள். விதர்ப்பாவிலிருந்தும் மராத்வாடாவிலிருந்தும் விதைப்பை முடித்துவிட்டு, சில பேர் முடிக்காமலேயும், வந்துவிடும் சம்சாரிகள். ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் சுமார் 250 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று வாரம் நடை. துக்காராமின் மகன் நாராயண மகாராஜ் 1685இல் தொடங்கி வைத்த பல்லக்கு வழக்கம் இது. ஞானேஸ்வரர் பல்லக்குக்கு இப்போதுள்ள ஒழுங்கைக் கொடுத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஹைபத்ராவ் பாபா. படை நடத்துகிற கட்டுப்பாடு இதில் தெரியும். ஆனால் யாரும் யாரையும் அதட்டி நான் பார்க்கவில்லை.

ஒதுங்கி நின்று பார்க்கலாம் என்றுதான் சாலையோரத்துத் தடுப்புச் சுவரை ஒட்டி நின்றோம். ஒரு கிழவி வந்தாள். ஒன்பது கஜப் புடவை, நெற்றியில் ரூபாய் அளவு குங்குமம், தலையில் பித்தளைத் துளசி மாடம். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே குனிந்து, மறுகையால் என் பாதத்தைத் தொட்டாள். நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன். பெரியவர்கள் நம் காலைத் தொட்டால் ஆயுசு குறையும் என்று வளர்க்கப்பட்டவன். பின்னால் சுவர். அவள் விடவில்லை, “மௌலி” என்று சொல்லித் தொட்டே விட்டாள். தொட்ட விரல்களைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் வளையல் தேய்ந்த தழும்பு, நகக்கண்ணில் மண், கட்டை விரலில் அரிவாள் வெட்டின பழைய வடு. மௌலி என்றால் தாய். ஞானேஸ்வரரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தண்ணீர் கொடுப்பவனையும், போலீஸ்காரரையும், வழியில் இடிப்பவனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் காயல்பட்டினத்தாரின் காலையும் அவள் தொட்டாள். அவர் தாடியைப் பார்த்தாள், சிரித்தாள், தொட்டாள். அவர் சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார். எனக்கு அது தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு சுவரோரம் நிற்க முடியவில்லை. யார் இழுத்தார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு திண்டியின் வரிசைக்குள் இருந்தோம். என் கையில் யாரோ ஒரு ஜோடித் தாளத்தைத் திணித்தார். எனக்குத் தாள ஞானம் கிடையாது; கல்யாணக் கச்சேரியில்கூட தொடையைத் தட்டத் தெரியாதவன். பக்கத்துப் பையன் என் மணிக்கட்டைப் பிடித்து இரண்டு அடி போட்டுக் காட்டினான். மூன்றாவது அடி தானே விழுந்தது. ஞானபா, துக்காராம். ஞானபா, துக்காராம். ஞானபா என்றால் ஞானேஸ்வரர். வலக்கால் ஒரு பெயருக்கு, இடக்கால் ஒரு பெயருக்கு. இரண்டு அடி முன்னால், ஓர் அடி பின்னால், ஒரு குதி. ஏற்றம் முழங்காலைப் பிடித்தது, அப்புறம் விட்டுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. குடை எங்கே போனதென்று தெரியாது. மழையில் தாளத்தின் சத்தம் இன்னும் கூர்மையானது.

அந்த ஏற்றத்தில் எனக்கு என்ன ஆனது என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. காரணமில்லாமல், வெட்கமில்லாமல், தொண்டை அடைக்கிற சந்தோஷம். வீட்டுக் கடன், மேலதிகாரியின் மெயில், அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் மலைக்குக் கீழே நின்றுவிட்டன. என் குரல் எது, பக்கத்தில் இருக்கிறவன் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. அழுதுகொண்டிருக்கிறேன் என்பது மழைநீர் உப்புக் கரித்தபோதுதான் தெரிந்தது. விட்டலா என்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் திருநெல்வேலிக்காரன் முன்பின் தெரியாத ஒரு தாத்தாவோடு கைகோத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஃபுகடி சுற்றிக்கொண்டிருந்தான். காலையில் பொந்தில் மாட்டிக்கொண்ட உடம்பு, பம்பரம் கணக்காய்ச் சுழன்றது.

பின்னாலிருந்து ஓர் அலை எழுந்தது. குதிரைகள். பெல்காம் பக்கத்து அங்கலியிலிருந்து ஷிதோளே சர்தார்கள் அனுப்பி வைக்கும் இரண்டு குதிரைகள். ஒன்றின் மேல் கொடி ஏந்திய வீரர். மற்றதன் மேல் ஆளில்லை. அது மௌலியின் குதிரை. அவர் அதில் வருகிறார் என்பது நம்பிக்கை. அது மிதித்த மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ள ஜனம் விழுந்து எழுந்தது. அதன் பின்னால், காட் ஏற்றத்துக்காகக் கூடுதல் ஜோடி மாடுகள் பூட்டிய ரதம். மாடுகளின் மூச்சு ஆவியாக வந்தது. கொம்பில் பூச்சரம், கழுத்தில் மணி. எல்லோர் கையும் தலைக்கு மேலே போனது. பல்லக்கு எங்களைக் கடந்தது.

பல்லக்கில் சுவாமி இல்லை. பாதுகைகள்தான். நம் ஊரில் பெருமாள் பல்லக்கில் ஏறி வெளியே வருவார், அடியார்கள் காத்திருப்பார்கள். இங்கே பெருமாள் பண்டரிபுரத்தில் இடுப்பில் கை வைத்துச் செங்கல் மேல் நின்று காத்திருக்கிறார். அடியாருடைய பாதுகை அவரைப் பார்க்கப் பல்லக்கில் போகிறது. பெருமாள் கோயிலில் நம் தலையில் வைக்கிற சடாரி நம்மாழ்வாராகவே கருதப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். பெருமாளின் திருவடியே ஓர் அடியார் என்று நினைத்த தமிழ் மனசுக்கு இந்தப் பல்லக்கு அந்நியமில்லை. அந்த ஒரு நொடியில் நான் எந்தத் தேசத்தில் நிற்கிறேன் என்பது மறந்தே போனது.

எல்லாம் பரிசுத்தம் என்று எழுத மாட்டேன். வளைவுக்கு வளைவு அரசியல்வாதிகளின் ஃப்ளெக்ஸ் இருந்தது. தண்ணீர் பாட்டில் குப்பை ஓடையை அடைத்திருந்தது. வரலாறும் சுத்தமில்லை. பதினாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோகாமேளர் மகார் சாதியில் பிறந்ததால் பண்டரிபுரம் கோயிலுக்குள் கால் வைக்க முடியவில்லை. அவருடைய சமாதி இன்றும் மகாத்துவார வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. நந்தனாரின் கதை நமக்குத் தெரியும். இது அதே வலி. அந்தக் கதவு திறக்க 1947இல் சானே குருஜி உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. சாலையில் எல்லோரும் மௌலி, வாசலில் மட்டும் சாதி என்று எத்தனை நூறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்! அப்படியிருந்தும் சோகாமேளரின் அபங்கங்களை அதே சாலையில் எல்லாச் சாதியும் பாடிக்கொண்டு போகிறது. பாட்டு முந்திக்கொண்டது, கதவு பிந்தித்தான் வந்தது.

சாஸ்வட் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. முட்டிக்குக் கீழே கால் என்னுடையதாக இல்லை. ஒரு கூடாரத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, தட்டில் பாக்ரியும் சுடச்சுட பிட்லாவும் போட்டார்கள். நம் ஊர்ப் பிட்லை இல்லை; கடலை மாவைப் பச்சை மிளகாய் பூண்டு போட்டுக் கிண்டியது. தொட்டுக்கொள்ள மிளகாய் டேச்சா. காயல்பட்டினத்தார் மூன்று பாக்ரி சாப்பிட்டார். துக்காராம் பல்லக்கு தேஹுவிலிருந்து புறப்பட்டதும் அனகட்ஷா பாபா தர்காவில் நின்று ஆரத்தி எடுத்துவிட்டுத்தான் மேலே நகரும் என்று பரிமாறியவர் பாதி ஹிந்தியில் அவருக்குச் சொன்னார். “அப்ப நாங்க முதல் ஸ்டாப்பு” என்று சொல்லிவிட்டு அவர் நாலாவது பாக்ரிக்குத் தட்டை நீட்டினார்.

ராத்திரி தங்கல் மைதானத்தில் சமாஜ ஆரத்தி. பல்லக்கைச் சுற்றித் திண்டிகள் வட்டமாய் நிற்க, தாளச் சத்தம் காதைக் கிழித்தது. ஒழுங்கைக் கவனிக்கிற சோப்தார் வெள்ளித் தடியைத் தூக்கினார். அவ்வளவுதான், அந்த மகா சமுத்திரம் அப்படியே அடங்கியது. ஏதாவது குறை இருக்கிற திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருக்கும். சோப்தார் போய்க் கேட்டுத் தீர்த்து வைத்த பிறகே நிறுத்தும். இதைவிட நல்ல சட்டசபையை நான் கண்டதில்லை. பிறகு தொலைந்து கிடைத்த சாமான்களை வாசித்தார்கள். கைக்கடிகாரம், பணப்பை, தாளம். எங்கள் அண்ணா அந்தப் பட்டியலில் இல்லை.

அவர் கிடைத்தது கர்ஹா ஆற்றங்கரையில், சோபானதேவர் சமாதிக் கோயில் வாசலில். சோபானர் ஞானேஸ்வரரின் தம்பி. வருஷா வருஷம் அண்ணன் தம்பி வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுத்தான் மேலே போகிறார். திண்ணையில் ஒரு பீட் மாவட்டத்துத் திண்டியோடு எங்கள் அண்ணா உட்கார்ந்திருந்தார். குரல் போய்விட்டது. கும்பகோணத்துப் பஜனை மடத்தில் கற்ற ஓர் அபங்கத்தை அவர் இழுத்து இழுத்துப் பாட, அவர்கள் அதே அபங்கத்தைத் தங்கள் வேகத்தில் திருப்பிப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், “நான் வரலைடா” என்றார். “ஜேஜுரி வரைக்குமாவது போறேன். வங்கிக்கு லீவ் சொல்லிடு.” போனார். ஜேஜுரியில் கண்டோபா கோயில் மலையடியில் பல்லக்கின் மேல் மஞ்சள் தூவுவார்கள். உடம்பெல்லாம் அந்த மஞ்சளோடு பஸ் ஏறிக் கோந்த்வா வந்து இறங்கினார். அந்த வேட்டியை இன்னும் துவைக்கவில்லை என்பது அவர் வீட்டம்மா சொல்லும் புகார்.

அன்றைக்கு என் பக்கத்தில் தாளம் போட்ட பையனிடம், பண்டரிபுரத்தில் தரிசனத்துக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நிற்பீர்கள் என்று கேட்டிருந்தேன். வரிசை ரொம்ப நீளம், நிறையப் பேர் சந்திரபாகா ஆற்றில் குளித்துவிட்டுக் கோபுரக் கலசத்தைக் கும்பிட்டுத் திரும்பிவிடுவோம் என்றான். மூன்று வாரம் நடந்து போய், சுவாமியைப் பார்க்காமலா? அவன் முன்னால் போகும் ரதத்தைக் காட்டினான், கிழவியைக் காட்டினான், என்னையும் காட்டினான். பிறகு தாளத்தை எடுத்தான்.

ஆளந்தியில் பல்லக்குப் புறப்படுவது மராத்திப் பஞ்சாங்கத்தின் ஜேஷ்ட மாதத் தேய்பிறை அஷ்டமியில். பெரும்பாலும் ஜூன் மாதம் வரும். புனேயிலிருந்து கிளம்புகிற நாளில் மதியத்துக்கு மேல் திவே காட்டில் இருக்கும்படி வாருங்கள். பழகின செருப்பு, ஒரு பாட்டில் தண்ணீர், மாற்றுத் துணி போதும். மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், பக்தி இருக்கிறதா என்ற யோசனையும் வேண்டாம். வேடிக்கை பார்க்கவென்றே வாருங்கள்.